மிக்கேல் ஊதியதை மிஷின் பாட்டு என்றது

1. மறுபடியும் ஒரு முதல் நாள்

ஐம்பத்தாறு வயதில் எனக்கு மறுபடியும் ஒரு முதல் நாள் வந்தது. அதற்கு முன் ஆறுமுகநேரிப் பக்கம் ஒரு கெமிக்கல் ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியனாக இருந்தேன். பிரஷர் கேஜ், லெவல் சென்சார், கன்ட்ரோல் வால்வு என்று காலம் ஓடியது. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தால் பொழுது போகவில்லை. புருசனோடு சண்டை போடுவதற்கும் ஒரு அளவு இருக்கிறதல்லவா? அந்த நேரத்தில்தான் ஆட்டோமேஷன் கான்ட்ராக்ட் எடுக்கும் கம்பெனி ஒன்று கூப்பிட்டது.

தூத்துக்குடியில் துறைமுகத்துக்கு வெளியே ஒரு தனியார் யார்டு. கப்பலில் வரும் மரத்தடிகளை அங்கே அடுக்கி வைத்து, பிறகு லாரியில் ஏற்றி அனுப்புவார்கள். தடியைத் தூக்க, இரண்டு பக்கமும் கால் ஊன்றி நிற்கும் ஒரு கேன்ட்ரி கிரேன். மேலே கேபினில் ஆபரேட்டர், கீழே சிக்னல்மேன். ஆபரேட்டருக்குத் தடியின் அடிப்பக்கம் தெரியாது. கீழே நிற்பவர் விசில் ஊதிக் கை காட்டினால்தான் அவர் லீவரைத் தொடுவார். எந்த ஊர் யார்டுக்குப் போனாலும் இதே முறைதான்.

இனிமேல் கேபினில் ஆள் கிடையாது, கிரேனே சிக்னல்மேனைப் பார்த்து, விசிலைக் கேட்டு வேலை செய்யும் என்பதுதான் புதுத் திட்டம். ரோபோ என்றதும் கையும் காலும் முளைத்த பொம்மையை நினைக்காதீர்கள். நான் பார்த்த ரோபோ, பழைய கிரேனின் காலில் மாட்டிய மூன்று கேமரா, நான்கு மைக், ஒரு இரும்புப் பெட்டிக்குள் கம்ப்யூட்டர், அவ்வளவுதான். அதற்கு மூளை எழுதியவர்கள் பெங்களூரில் இருந்தார்கள். கண்ணையும் காதையும் மாட்டுவதும், சிக்னல்களைப் படம் பிடித்து அவர்களுக்கு அனுப்புவதும் என் வேலை.

ஏணியில் நின்று கேமராவுக்கு பிராக்கெட் முறுக்கிக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து ஒரு குரல் வந்தது.

"யக்கா, இதுக்குக் கண்ணு எங்கன இருக்கு? நான் எங்கன பாத்து கை காட்டணும்?"

அதுதான் மிக்கேல். யார்டின் சிக்னல்மேன். நாற்பத்தைந்து வயசு இருக்கும். கடற்கரைத் தெருக்காரன். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. தடியைத் தூக்க அதைச் சுற்றி ஸ்லிங் கட்டும் வேலையில் இருந்தபோது கம்பிக்கயிறு இறுகி எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதற்கு முன் கோவில் பேண்ட் செட்டில் டிரம்பெட் வாசித்தவனாம். விரல் போனதும் டிரம்பெட்டும் போனது. கம்பெனி மனசு வைத்து சிக்னல் வேலை கொடுத்திருந்தது.

யார்டு மேனேஜர் ராஜபாண்டி அண்ணாச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "மேடம், இவன் கையால ஸ்லிங் கட்ட முடியாது, செயின் இழுக்க முடியாது. இத விட்டா இங்கன வேற வேல கெடையாது. மக நர்சிங் படிக்கா. பாத்து எப்படியாவது மிஷினுக்கு இவனப் பழக்கி விட்டுருங்க."

"பழக்கிரலாம் அண்ணாச்சி, இது என்ன பெரிய விஷயம்" என்று நானும் வாயைக் கொடுத்தேன்.

2. முளைத்த விரல்

மனிதக் கையை இந்த மிஷின் எப்படிப் பார்க்கிறது என்று சொல்லிவிடுகிறேன். அது கையைக் கையாகப் பார்ப்பதில்லை. மணிக்கட்டில் ஒரு புள்ளி, ஒவ்வொரு விரலுக்கும் நான்கு புள்ளி, மொத்தம் இருபத்தொன்று. புள்ளிகளைக் கோட்டால் இணைத்து, எந்தக் கோடு நீண்டிருக்கிறது, எது மடங்கியிருக்கிறது என்று கணக்குப் போடும். ஆள்காட்டி விரல் மேலே நீண்டால் 'தூக்கு'. கீழே நீண்டால் 'இறக்கு'. எல்லாம் மடங்கி முஷ்டியானால் 'நிறுத்து'. பச்சைக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பது போலத்தான்.

மிக்கேலை முதல் தடவை கேமரா முன்னால் நிறுத்தினேன். வலது கையைத் தூக்கினான். என் லேப்டாப் திரையில் அவன் கை தெரிந்தது. அதன்மேல் பச்சைப் புள்ளிகள் வந்து உட்கார்ந்தன. எண்ணிப் பார்த்தேன். இருபத்தொன்றும் இருந்தன. இல்லாத இரண்டு விரலுக்கும் மிஷின் தானாகவே புள்ளி வைத்துக் கோடு போட்டிருந்தது. லட்சக்கணக்கான கைகளைப் பார்த்துப் படித்த மிஷின் அல்லவா? கை என்றால் ஐந்து விரல் என்றே அதற்குத் தெரியும். காணாததை அனுமானத்தில் வரைந்துவிடும்.

மிக்கேல் என் தோளுக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்தான்.  பிறகு கேமரா முன்னால் ஓடி, கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினான்.

"சேசுவே! யக்கா, இங்கன பாருங்க. எனக்கு வெரல் மொளச்சிட்டு!"

டிரம்பெட் கட்டையை அமுக்குவது போல அந்த வெறும் மொட்டைகளை அசைத்தான். திரையில் பச்சைக் கோடுகள் ஆடின. செல்போனில் படம் எடுத்து, பெண்சாதி ஸ்டெல்லாவுக்கு அனுப்பினான். அவன் சிரித்த சிரிப்பைப் பார்த்து நானும் சிரித்தேன். ஆனால் திரையில் வேறு ஒன்றும் தெரிந்தது.  அவன் முஷ்டி பிடித்தால், மிஷின் வரைந்த ஆள்காட்டி விரல் சில சமயம் மடங்கியது, சில சமயம் நீட்டிக்கொண்டு நின்றது. மிக்கேல் 'நிறுத்து' என்று காட்டுகிறான், மிஷின் 'தூக்கு' என்று படிக்கிறது.

பெங்களூரில் இந்த வேலையைப் பார்த்தவள் நிவேதா. கெட்டிக்காரப் பெண், மரியாதை தெரிந்தவள். அவளிடம் போனில் சொன்னேன். மிக்கேலின் கையையே நூற்றுக்கணக்கில் படம் பிடித்து அனுப்புகிறேன், அதை வைத்துச் சொல்லிக்கொடுங்கள் என்றேன். அனுப்பவும் செய்தேன். கொஞ்ச நாளில் பதில் வந்தது.

"மேம், அந்த வீடியோ எல்லாம் சேர்த்தா மத்தவங்க கையிலயும் தப்பு பண்ணுது. ஓவர்ஆல் அக்யூரசி குறையுது. அதை இப்போதைக்கு எடுத்துட்டோம். அவரை இடது கையால காட்டச் சொல்லுங்களேன்?"

சொல்லப்போனால் அது நல்ல யோசனைதான். இடது கையில் ஐந்து விரலும் இருந்தன. மிக்கேலும் மறுப்புச் சொல்லவில்லை. அன்றிலிருந்து பீச்சாங்கைப் பயிற்சி ஆரம்பமானது. டீக்கடையில் கிளாஸ் பிடிப்பது, கதவு திறப்பது, கும்பிடு போடுவது கூட இடது கையில்தான். யார்டில் எல்லாரும் கேலி செய்தார்கள்.

"சிரிங்கல, சிரிங்க. இந்தக் கைக்கு இப்பதான வேல கெடச்சிருக்கு" என்பான்.

3. பாட்டு

கை ஒரு வழிக்கு வந்தது. அடுத்து விசில் வந்து நின்றது.

மிஷினுக்குச் சத்தமும் ஒரு படம்தான். இடமிருந்து வலம் நேரம், கீழிருந்து மேல் சுருதி. ஒவ்வொரு சத்தமும் அந்தப் படத்தில் ஒரு கோலம் போடும். சாதாரணமாக விசில் ஊதினால் நேராக ஒரு கோடு விழும். சின்னதாக ஒன்று, சின்னதாக இரண்டு, நீளமாக ஒன்று, இவ்வளவுதான் அதற்குத் தெரிய வேண்டியது. ஆனால் யார்டில் விசில் மட்டுமா கேட்கிறது? லாரிக்காரர்கள் பாட்டுப் போடுவார்கள். சுற்றிலும் கோவில், சர்ச், பள்ளிவாசல், மூன்று பக்கமும் ஒலிபெருக்கி. ஆரம்பத்தில் சினிமாப் பாட்டில் புல்லாங்குழல் வந்தாலே கிரேன் நின்றுவிடும். ராஜபாண்டி அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். அதனால் நிவேதா குழுவினர் மிஷினுக்கு 'மியூசிக்' என்று ஒரு வகை சொல்லிக்கொடுத்தார்கள். சுருதி வளைந்து, ஏறி இறங்கினால் அது மியூசிக். மியூசிக் என்று தெரிந்தால் கிரேன் காதில் போட்டுக்கொள்ளாது.

மிக்கேல் விசிலை நேராக ஊதியதே கிடையாது. மூச்சை அழுத்தித் தளர்த்தி, இடது உள்ளங்கையால் மூடித் திறந்து, தூக்குவதற்கு ஏறும் ஒரு இழுப்பு, இறக்குவதற்கு இறங்கும் ஒரு இழுப்பு, நிறுத்துவதற்கு அலை போல ஒரு நீட்டு. பழைய ஆபரேட்டர்கள் அவனைத் திரும்பிப் பார்க்காமலே லீவர் போடுவார்களாம். மிஷின் முன்னால் அதை ஊதினான். திரையில் 'மியூசிக்' என்று விழுந்தது. மறுபடி ஊதினான். மறுபடியும் 'மியூசிக்'.

"என்னக்கா போட்டிருக்கு?"

"நீ ஊதுறது பாட்டாம்ல. வேல விசில் இல்லையாம்."

இடுப்பில் கை வைத்துக்கொண்டு யார்டுக்கே கேட்கிற மாதிரி கத்தினான். "ஏலே, கேட்டியளால? நான் ஊதுதது பாட்டுன்னு மிஷினே ஒத்துக்கிட்டு! எங்க பேண்ட் மாஸ்டர் கூட இத்தன வருசத்துல ஒருதடவ சொன்னதில்ல!"

பாவி மனுசனுக்கு அதில் என்ன சந்தோஷம்! அதை ஊதுகிற வரை உனக்கு இங்கே வேலை கிடையாது என்று எப்படிச் சொல்வது? கடைசியில் சொன்னேன். சிரிப்பு நின்றது. விசிலைச் சட்டையில் துடைத்தான்.

"அப்ப மொட்டையா ஊதணும். அவ்ளோதானக்கா?"

"அவ்ளோதான்."

மொட்டையாக ஊதப் பழகினான். டிராபிக் போலீஸ் ஊதுவது போல உயிரில்லாத ஒரு ஊதல். மிஷின் உடனே ஏற்றுக்கொண்டது. திரையில் நேர்கோடு. அவனுக்குத்தான் அதைக் கேட்கச் சகிக்கவில்லை. ஊதி முடித்ததும் ஒவ்வொரு தடவையும் தரையில் துப்புவான்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தூக்க, இறக்கக் கையும் விசிலும் பொருந்தி வர வேண்டும். நிறுத்துவதற்கு மட்டும் இரண்டில் ஒன்று போதும். முஷ்டி சரியாகத் தெரிந்தால் நிற்கும், அல்லது நீள விசில் சரியாகக் கேட்டால் நிற்கும். எதுவுமே புரியாவிட்டால் கிரேன் செய்துகொண்டிருந்ததைத் தொடரும். "சந்தேகம் வந்தா நிக்கணும்மா, அதுதான் முறை" என்று நிவேதாவிடம் சண்டை போட்டேன். அப்படி வைத்துப் பார்த்த வாரம் கிரேன் தொட்டதற்கெல்லாம் நின்று, ஒரு லாரிக்குக் கூட ஒழுங்காக லோடு ஏறவில்லை. தலைமை ஆபீசிலிருந்து வசவு வந்தது. விதியை மாற்றிவிட்டார்கள். தடிக்குக் கீழே ஆள் வந்தால் கண்டுபிடிக்கும் கேமரா அடுத்த கட்டத்தில் வரும் என்றார்கள்.

4. டெஸ்ட்

டெஸ்ட் நாளன்று ஷாமியானா போட்டிருந்தார்கள். தலைமை ஆபீஸ்காரர்களும் இன்சூரன்ஸ்காரர்களும் இளநீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு லாரிக்கு முழு லோடு ஏற்ற வேண்டும். சிக்னல்மேன் தரையில் மஞ்சள் பெயின்ட் அடித்த கட்டத்துக்குள்ளேயே நிற்க வேண்டும். நான் லேப்டாப்போடு ஓரமாக, கிரேனை நிறுத்தும் எமர்ஜென்சி ஸ்டாப் பொத்தானுக்குப் பக்கத்தில் நின்றேன். மிக்கேல் சவரம் செய்து, புது ஆரஞ்சு வெஸ்ட் போட்டு வந்திருந்தான். கட்டத்துக்குள் போகும் முன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். அதையும் இடது கையால் போட்டான். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு வலது கையால் மறுபடி போட்டான்.

முதல் தடி ஏறியது. இரண்டாவதும் ஏறியது. இடது கை, மொட்டை விசில், ஒரு பிசிறு இல்லை. ஷாமியானாவில் கை தட்டினார்கள். ராஜபாண்டி அண்ணாச்சி என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். தப்பித்தோம்டா சாமி என்று இருந்தது எனக்கு.

அடுத்த தடி இறங்கிக்கொண்டிருந்தபோது லாரி டிரைவர் கீழே இறங்கினார். வயசானவர். பின் சக்கரத்துக்கு வைத்த கல் நகர்ந்துவிட்டதாம், சரி செய்யப் போனார். தடி இறங்குகிற பக்கத்துக்கே குனிந்துகொண்டு போனார். ஷாமியானாவில் யாரும் கவனிக்கவில்லை. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், நானும் கவனிக்கவில்லை. மிக்கேல் பார்த்துவிட்டான்.

பார்த்ததும் அவன் செய்தது மனிதன் செய்வது. வலது கை தானாக மேலே போனது, முஷ்டியாக. வாயிலிருந்து அந்தப் பழைய விசில் வந்தது, அலை அலையாக, அடிவயிற்றிலிருந்து. யார்டில் இருந்த கூலிக்காரர்கள் அத்தனை பேரும் அதைக் கேட்டு அப்படியே நின்றார்கள். தெருவில் போன ஒரு ஆட்டோ கூட பிரேக் போட்டது. திரையில் அந்த முஷ்டியின் மேல் இரண்டு பச்சை விரல்கள் விறைத்து நின்றன. 'தூக்கு' என்று மிஷின் எழுதியது. பக்கத்தில் சத்தத்துக்கு 'மியூசிக்' என்று எழுதியது. இரண்டும் பொருந்தவில்லை. கிரேன் மட்டும் நிற்கவில்லை. தடி இறங்கிக்கொண்டே இருந்தது.

"யக்கா! அமுக்குங்க! அமுக்குங்கக்கா!"

கத்திக்கொண்டே மஞ்சள் கட்டத்தை விட்டு ஓடினான், தடிக்குக் கீழே. நான் எமர்ஜென்சி ஸ்டாப்பில் குத்தினேன். உள்ளங்கை கன்றிப்போகிற அளவுக்குக் குத்தினேன். தடி ஒரு ஆட்டம் ஆடி நின்றது. மிக்கேல் அந்த டிரைவரைச் சட்டைக்காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு மண்ணில் விழுந்து கிடந்தான். இரண்டு பேருக்கும் முழங்கை தேய்ந்ததோடு சரி. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நல்லவேளை என்றார்கள் எல்லாரும். அதன் பிறகு இன்சூரன்ஸ்காரர் எழுத ஆரம்பித்தார். அங்கீகாரம் இல்லாத கையால் சிக்னல் கொடுத்தார். அங்கீகாரம் இல்லாத விசில் ஊதினார். லோடு தொங்கும்போது கட்டத்தை விட்டு வெளியேறினார். மூன்றும் உண்மை. ஒரு எழுத்து பொய் கிடையாது. நான் எழுந்து போய்க் கத்தினேன். "ஏன்யா, அந்த மனுசன் பார்க்கலைன்னா இன்னிக்கு இங்கே பொணம் கிடந்திருக்கும்!"

"அதை நாங்க மறுக்கலை மேடம். ஆனா அவர் காட்டினது சிஸ்டத்துக்குப் புரியலையே. பதட்டத்துல அவர் பழைய கைக்குத்தானே போறார்? நாளைக்கும் அப்படித்தான் போவார்" என்றார் அவர். அமைதியாகத்தான் சொன்னார்.  

ராஜபாண்டி அண்ணாச்சியிடம் போனேன். பழையபடி ஒரு ஆபரேட்டரை மேலே ஏற்றுங்கள் என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"யம்மா, எனக்கு மட்டும் மனசு இல்லையா? கிரேன மாத்தியாச்சு. கேபினக் கழட்டி பழைய இரும்புக்கு எடைக்குப் போட்டாச்சு. இனி மிஷினுக்குத் தோதா ஆள்தான் வேணுங்கான் மேல இருக்கவன். நான் என்ன செய்ய, சொல்லுங்க?"

5. அதன் பிறகு

மிக்கேல் வெஸ்ட்டையும் விசிலையும் திருப்பிக் கொடுக்க வந்தான். வெஸ்ட்டைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தான். நான்தான் அழுதேன். அவன் அழவில்லை.

"நீங்க ஏன்க்கா அழுதிய? நீங்க அமுக்கலன்னா நானும் அந்தப் பெரியவரும் போயிருப்போம்."

"இடது கையில காட்டியிருக்கலாம்லடா, படுபாவி" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

அவன் தன் வலது கையைப் பார்த்தான். "நெனச்சுக் காட்டுத நேரமாக்கா அது?"

அதற்குப் பிறகு ஸ்டெல்லா இரண்டு மூன்று தடவை போன் செய்தாள். துறைமுகத்தில் தெரிந்தவர்கள் யாராவது உண்டா, எந்த வேலையானாலும் பரவாயில்லை என்றாள். நானும் மிக்கேலைக் கூட்டிக்கொண்டு கிளியரிங் ஏஜெண்ட், கன்டெய்னர் யார்டு, ஐஸ் பேக்டரி என்று அலைந்து கேட்டேன். அவன் கையைப் பார்த்ததும் டீ கொடுத்து அனுப்பினார்கள். ஸ்டெல்லா பிறகு போன் செய்வதை நிறுத்திவிட்டாள். மகள் படிப்பை விட்டுவிட்டு ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறாள் என்று கேள்விப்பட்டேன். நான் அந்தக் கடைப் பக்கம் போவதில்லை. என்ன முகத்தை வைத்துக்கொண்டு போவது?

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். நாங்கள் படம் பிடித்த நாட்களில் எல்லாரும் சாவகாசமாக நின்று, கேமராவைப் பார்த்து, அழகாகக் கை காட்டினார்கள். யாரும் பதறவில்லை. மனிதன் நிஜமாகவே 'நில்' என்று கத்துகிற நேரத்தில் கை எப்படி இருக்கும், மூச்சு எப்படி வரும் என்று அந்த மிஷினுக்கு யாரும் காட்டவில்லை. அக்யூரசி எவ்வளவு என்று எல்லாரும் உங்களிடம் கேட்பார்கள். அதைச் சொல்லுவதற்கு முன்னால், எந்தக் கையை எடுத்துப் போட்டுவிட்டு அந்தக் கணக்கு வந்தது என்று நீங்கள் கேளுங்கள். நான் கேட்டேன். கேட்டும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் கேளுங்கள்.

சில மாதம் கழித்து நிவேதா கூப்பிட்டாள். குரலில் அவ்வளவு உற்சாகம்.

"மேம், நியூ வெர்ஷன் ரெடி. எமர்ஜென்சி ஜெஸ்சர் எல்லாம் சேர்த்துட்டோம். ஆளுங்களைப் பதறுற மாதிரி நடிக்கச் சொல்லி ரெக்கார்ட் பண்ணினோம். டெஸ்ட் அன்னிக்கு அவர் ஊதின விசிலும் ரொம்ப யூஸ்ஃபுல்லா இருந்துச்சு. விசில் மாதிரியே இருக்கு, ஆனா மியூசிக். அதை வச்சுத்தான் மியூசிக்கைப் பிரிக்க நல்லா கத்துக் கொடுத்தோம். இப்போ கன்ஃபியூஷனே இல்லை."

"விரல் இல்லாத கையைச் சேர்த்தாச்சாம்மா?" என்று கேட்டேன்.

கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது. எதையோ தேடிப் பார்த்தாள்.

"உங்க யார்டுல இப்போ அப்படி யாரும் இல்லையே மேம்?"

"இல்லம்மா" என்றேன்.